பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

மூன்று வாரம் ராத்திரி கண்விழித்து நான் உருவாக்கிய ஊரில் என் நண்பர்கள் தங்கியது மொத்தம் 11 நிமிடம்.

பெங்களூரில் எங்கள் ஃபிளாட் ஹால். சனிக்கிழமை இரவு. தரையில் பாய், நடுவில் ஒரு சார்ட் பேப்பர், சுற்றி ஐந்து பேர், வறுத்த கடலை, பகடைகள். அந்த ஊருக்கு ஏழு தலைமுறை அரச வம்சம் எழுதி வைத்திருந்தேன். சத்திரத்துக்காரருக்குப் பெயர், அவர் மனைவிக்குப் பெயர், அவர்கள் வளர்த்துச் செத்துப்போன நாய்க்குக்கூடப் பெயர். வந்தார்கள். சத்திரத்தில் ரூம் கேட்டார்கள். கடையில் 50 அடி கயிறு வாங்கினார்கள். "இங்க பக்கத்துல பாழடைஞ்ச கோட்டை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். கிளம்பிவிட்டார்கள். நாயின் பெயரை யாரும் கேட்கவே இல்லை.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது அந்த வகை. ஸ்கிரீன் கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது. ஒருவர் கேம் மாஸ்டர்: அவர்தான் உலகம், வானிலை, எதிரி, சத்திரத்துக்காரர் எல்லாமே. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். "கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டுவோம். சின்ன வயதில் திண்ணையில் கதை விட்டது மாதிரிதான். ஆனால் கதை விடுகிறவனை எந்த நேரத்திலும் நான்கு பேர் குறுக்கே மறித்து, "நான் அப்படிப் பண்ண மாட்டேன்" என்று சொல்லலாம்.

இதில் நிலவறையை நடத்துவது எளிது. எங்கள் பாஷையில் சொன்னால், நிலவறை ஒரு கிராஃப். அறைகள் நோடு, வழிகள் எட்ஜ். மூன்றாவது அறையில் இருப்பவர் நான்காவது அறைக்குப் போகலாம், இல்லையென்றால் திரும்பி வரலாம். எதைத் தயார் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். ஊர் அப்படியில்லை. ஊரில் 200 கதவு இருக்கும், எல்லாமே திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் போய் எதையும் கேட்கலாம். அதனால் பெரும்பாலான கேம் மாஸ்டர்கள் ஊரைப் பெட்ரோல் பங்க் மாதிரி ஆக்கிவிடுவார்கள். வந்தாயா, நிரப்பினாயா, போய்க்கொண்டே இரு.

வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு பிறந்ததே ஓர் ஊரில்தான். 1969-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். மேஜையில் பொம்மைப் படைகளை நகர்த்தும் ரகம். இரண்டு படைகள் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை நெருங்குகின்றன. விளையாட வந்த எல்லோருக்கும் கொடுக்கப் படை இல்லை. அதனால் சிலருக்கு ஊர்க்காரர்களின் வேடத்தைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். போர் தொடங்குவதற்கு முன்னாலேயே அவர்கள் தனித்தனியாகப் போய் ரகசியம் பேசி, பேரம் பேசி, இரண்டு பேர் ஒருவரையொருவர் டூயலுக்கு அழைத்து, ஒரே ரகளை. போர் நடக்கவே இல்லை. ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். விளையாடியவர்களோ இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்த ஆட்டங்களில் பழகிய டேவ் ஆர்னசன் அதை எடுத்துக்கொண்டு போய் பிளாக்மூர் என்ற தன் உலகத்தைக் கட்டினார். பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்தார். 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1000 பிரதிகள் அச்சாகி வந்தது. பெயரில் நிலவறை இருந்தாலும், அதற்கு ஐந்து வருடம் முன்னால் ஓர் ஊரும், அந்த ஊரில் ஆளுக்கு ஓர் ஆசையும் இருந்தன.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 11 நிமிடத் தோல்விக்குப் பிறகு இன்ஜினியர் செய்யும் முதல் காரியத்தைச் செய்தேன்: ஆட்டோமேட் பண்ணினேன். 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் நகரத்தில் யாரைச் சந்திக்கலாம் என்று ஒரு நீண்ட அட்டவணை உண்டு. நூறு எண் பகடையை உருட்டினால் பிச்சைக்காரர், வணிகர், குடிகாரர், காவலர், திருடன் என்று ஏதாவது ஒன்று வரும். அதைப் பார்த்து நானும் 100 வரி எழுதினேன். தெருவில் நடக்கும்போதெல்லாம் உருட்டுவேன். ஒரு குடிகாரன் வந்து மோதினான். ஒரு ஜோசியக்காரி கையைப் பிடித்தாள். ஒரு பையன் பர்ஸை அடித்தான். கொஞ்ச நேரத்தில் என் நண்பர்கள் அவர்களை போனில் வரும் நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிடுவது மாதிரி தள்ள ஆரம்பித்தார்கள். "குடிகாரனா? தாண்டிப் போறேன்." வந்தவர்களுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த தடவை அதே குடிகாரன் வந்தாலும் அவனுக்கு எங்களை ஞாபகம் இருக்காது.

எனக்கு வழி காட்டியது எங்கள் அப்பாவின் மளிகைக் கடை. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

டெல்டாவில் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. ஆறு, கல் பாலம், தேரடி, கடைத்தெரு, புதன்கிழமை சந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில் உட்கார வேண்டும். என் வேலை பற்று எழுதுவது. நீளவாக்கில் ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். துவரம்பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ, தேதி. அந்த நோட்டைப் படித்தால் ஊரையே படிக்கலாம். யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, யார் வீட்டில் வேலை போய்விட்டது, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்று, சொல்லாமல் வைத்திருப்பது இன்னொன்று. "அண்ணே, சர்க்கரை ஒரு கிலோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாமல் நிற்பார்கள். அப்பா தலையைத் தூக்காமலேயே, "எழுதிக்கோ தம்பி" என்பார்.

அதிலிருந்து ஒரு ஃபார்முலா பிடித்தேன். ஊரில் நான் உருவாக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மூன்றே வரி. வாய்விட்டு என்ன கேட்கிறார்? எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்? யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? வம்சாவளி வேண்டாம், நாயின் பெயர் வேண்டாம். இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். அது வின்சென்ட் பேக்கர் 2004-ல் வெளியிட்ட டாக்ஸ் இன் தி வைன்யார்ட் என்ற விளையாட்டிலிருந்து எடுத்தது. அதில் பிளேயர்கள் பழைய அமெரிக்க மேற்குப் பகுதி மாதிரி ஒரு நிலத்தில் ஊர் ஊராகப் போகும் இளம் மதக் காவலர்கள். ஒவ்வோர் ஊரையும் எப்படிச் செய்வது என்று அந்தப் புத்தகம் படிப்படியாகச் சொல்லித் தருகிறது. ஒருவரின் கர்வத்தில் ஆரம்பித்து, அது அநியாயமாகி, பாவமாகி, கொலை வரைக்கும் போகலாம். கடைசியில் இவர்கள் இந்த ஊருக்கு வராமலே இருந்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் ஊருக்கு உயிர் வந்துவிடும். பதில் இல்லையென்றால் பிளேயர்கள் வந்து சுவிட்ச் போடும் வரைக்கும் ஊர் இருட்டில் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

புது ஊருக்குக் கல்பாலம் என்று பெயர் வைத்தேன். மேப் யோசிக்கச் சோம்பல். எங்கள் ஊரையே ஞாபகத்திலிருந்து வரைந்துவிட்டேன்.

முதல் சந்திப்பு சந்தையில். எண்ணெய் விற்கும் ஒரு பாட்டி, கூட்டத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "தாயி, இந்தப் படிக்கல்லை ஒரு பத்து நிமிஷம் கையில வச்சிக்கோ, இந்தா வந்துடறேன்" என்று நான்கு எடைக்கற்களைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கேட்டது அவ்வளவுதான். சொல்லாதது: இன்று எடை சோதனை, அந்தக் கற்கள் எடை குறைந்தவை. கடன்: கற்களைக் கொடுத்ததே சந்தைக் குத்தகைக்காரரின் ஆள், மறுத்தால் அவளுக்குச் சந்தையில் இடம் கிடையாது. அதிகாரி வருகிறார். கற்கள் இவர்கள் கையில். என்ன செய்வீர்கள்?

இரண்டு மணி நேரம் போனது. யாரும் கத்தியை உருவவில்லை. ஒருத்தி கற்களைக் கிணற்றில் போடலாம் என்கிறாள், இன்னொருவன் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லலாம் என்கிறான், மூன்றாமவன் அதற்குள் குத்தகைக்காரரிடமே போய் விலை பேசிக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீடு. வாசலில் ஒருவர் வழிமறித்து, "மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் கம்மியா இருக்கு, செத்த உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க" என்கிறார். பந்தி நடக்க நடக்க, மாப்பிள்ளை வீட்டார் ஏன் வரவில்லை என்பது மெல்ல வெளியே வருகிறது.

இதில் பகடைக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பழைய விதிகளில் ரியாக்‌ஷன் ரோல் என்று ஒன்று உண்டு. 1981-ல் வந்த பேசிக் பதிப்பில் அது இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகை. 2 வந்தால் உடனே தாக்குதல், 12 வந்தால் உற்சாகமான நட்பு. 3 முதல் 5 வரை பகை, 9 முதல் 11 வரை சாதகம். நடுவில் 6, 7, 8 வந்தால் எதிரே இருப்பவர் குழப்பத்தில் இருக்கிறார், இன்னும் முடிவெடுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 36 வழிகளில் இந்த நடுப்பகுதி மட்டும் 16. உடனடித் தாக்குதலுக்கு ஒரே ஒரு வழிதான். முன்பின் தெரியாதவர்கள் சந்தித்தால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்பதை யாரோ சரியாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். நான் மட்டும் அந்த 6, 7, 8-ஐ வெற்று விடையாக நினைத்து, மறுபடி உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம். எங்கள் கூட்டத்தில் பூட்டுத் திறக்கும் திருடனாக விளையாடுபவன் என் காலேஜ் ரூம்மேட். நாங்கள் பழக ஆரம்பித்து அப்போது 14 வருடம். அன்று காவலர்கள் அவனைத் துரத்துகிறார்கள். கடைத்தெரு, தேரடி எல்லாம் தாண்டி ஓடிவந்துவிட்டான்.

"பாலத்தைத் தாண்டி ஓடறேன். அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

மேப்பைப் பார்த்தேன். பாலம் முடிகிற இடத்தில் சார்ட் பேப்பரும் முடிந்திருந்தது.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. வயல்."

"வயல்ல யாரு வேலை செய்யறாங்க?"

"ஆளுங்க."

"அவங்க நைட்டு எங்க தூங்குவாங்க?"

யாரோ சிரித்தார்கள். நான் தாள்களைப் புரட்டினேன். 43 பேருக்கு மூன்று மூன்று வரி எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு வரி இல்லை.

"ஊரு பேரே கல்பாலம். பாலம்னா எங்கயாச்சும் போகணும்ல?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பகடையைக் கீழே வைத்துவிட்டான். "சரி விடு. நான் திரும்பி வந்துடறேன். புடிச்சிக்கட்டும்."

அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. மற்றவர்கள் போன பிறகு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். "உங்க ஊரு மேப்தானடா அது?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எங்க ஊர்லயும் ஒரு பாலம் இருக்கு. சின்னது, வாய்க்கா பாலம். எங்க வீடு அந்தப் பக்கம்." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஊரின் பெயர் எனக்குத் தெரியும். அவன் அம்மா செய்யும் கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுவரச் சொல்லி ஹாஸ்டலில் சாப்பிட்டிருக்கிறேன். அவன் எங்கள் வீட்டுக்கு இரண்டு தீபாவளிக்கு வந்திருக்கிறான். நான் ஒரு தடவைகூட அவன் வீட்டுக்குப் போனதில்லை. "சாரிடா" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேணாம் மச்சி. அடுத்த வாரம் நான் நடத்தறேன்" என்றான்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு போன் போட்டேன். கடையை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. "அப்பா, நம்ம பற்று நோட்டுல பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரங்க பக்கம் ஏதாவது இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவங்களா? அவங்க ரொக்கம்தான்டா" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. கடையின் பக்கவாட்டில், படிக்குக் கீழே நின்று வாங்கியவர்கள். காசைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தவர்கள். வைக்கச் சொன்னது யார் என்றும் ஞாபகம் இருக்கிறது. தினமும் வந்தார்கள். ஆனால் நோட்டில் வரவில்லை, ஏனென்றால் நாங்கள் அவர்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. ஊர் என்பது கடன்களின் வலை என்று பெருமையாக ஒரு தியரி வைத்திருந்தேனே, அந்த வலையை நெய்யும்போதே யாரை விட வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. வேலையில் ஜூனியர் பையன்களுக்கு நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: குவெரி ஜீரோ ரோ கொடுத்தால் டேட்டா இல்லை என்று முடிவு கட்டாதே, டேபிளில் யார் என்ன எழுதினார்கள் என்று பார். அதைச் சொல்கிற நான்தான் ஒரு மளிகைக் கடை நோட்டை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே வரைந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் ஒரே ஒரு தாளோடு வந்தான். அதே கல்பாலம். அவனுடைய திருடன் சிறையில். அவனை மீட்க ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று நாங்கள் நால்வரும் சாயங்காலத்தில் பாலத்தைக் கடக்கிறோம். நான் முதல் தடவையாக ஒரு கேரக்டர்.

சத்திரம் இல்லை. கடை இல்லை. முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "யாரப் பாக்கணும்?"

எங்களிடம் பதில் இல்லை. என் ஊரில் எல்லோரும் எங்களைத் தேடி வந்தார்கள்: கல்லைப் பிடி, பந்தியில் உட்கார் என்று. இங்கே நாங்கள் ஏன் நிற்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அவன் எல்லோர் கண் முன்னாலும் இரண்டு பகடையை உருட்டினான். 7. "யோசிக்கிறாங்க" என்றான். மறுபடி உருட்டவில்லை. அடுத்த சம்பவத்துக்குத் தாவவும் இல்லை. வீட்டுக்குள் யாரோ யாரோடோ பேசும் சத்தம். ஒரு பையன் எங்கோ ஓடுகிறான். ஒரு கிழவர் வந்து எங்கள் செருப்பைப் பார்க்கிறார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். நிஜத்தில் ஐந்து நிமிடம் இருக்கும். என் கேம் மாஸ்டர் வாழ்க்கையில் அவ்வளவு பதற்றமான ஐந்து நிமிடத்தை நான் கொடுத்ததில்லை.

அப்புறம்தான் கதை திறந்தது. அந்த எடைக்கற்களைச் செதுக்கியவர் அங்கேதான் இருந்தார். எந்தக் கல் எவ்வளவு குறைவு என்று அவருக்குத்தான் தெரியும். சரியான கற்கள் ஒரு ஜோடி அவரிடம் இருந்தன. அதைக் கேட்டோம். அவர் தன் பேத்தியைக் கூப்பிட்டார். எட்டு வயதுச் சிறுமி. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தாள். கல்லுக்குக் கூலி தராத குத்தகைக்காரர், எத்தனை பணம். அறுவடைக்கு அரைக்கூலி கொடுத்த பண்ணையார், எத்தனை மரக்கால். கல்யாணப் பந்தல் போட்டதற்குப் பாக்கி வைத்த வீடு. அது நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அதே வீடு. எழுதி வைத்தால் யாராவது பிடுங்கிக் கிழித்துவிடுவார்கள், அதனால் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு மனப்பாடம். கடன் வலை அங்கேயும் இருந்தது. ஆனால் எல்லாக் கோடும் பாலத்தைத் தாண்டி ஊரைப் பார்த்துப் போனது.

"இந்தப் பட்டியல்ல ஒண்ணை வசூல் பண்ணிட்டு வாங்க. கல்லுத் தர்றேன்" என்றார் பெரியவர். அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் விளையாடியது அந்த வசூலைத்தான். பாழடைந்த கோட்டைக்கு இதுவரை யாரும் திரும்பிப் போகவில்லை.

ஊரை எப்படித் தயார் செய்வது என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், அந்த மூன்று வரியை இன்னமும் சொல்கிறேன். அது வேலை செய்கிறது. ஆனால் அதற்கு முன்னால் எழுத வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: இந்த ஊரில் யாருக்குக் கடன் கொடுக்க மாட்டார்கள்? அதற்குப் பதில் எழுதினால் மேப் எங்கே முடியக் கூடாது என்று தெரியும். இன்னொன்று, 7 விழுந்தால் மறுபடி உருட்டாதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கித் தரச் சொன்னேன். புரட்டிக்கொண்டிருந்தேன். "என்னடா தேடுற?" என்றார் அப்பா. சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து ரொம்ப நேரம் யோசித்தார். "ஒருத்தர் வருவாரு. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு. கால் கிலோ அரிசி நொய், பத்துப் பைசாவுக்குப் புகையிலை. இருபது வருஷம் வந்தாரு. நல்ல மனுஷன்." கொஞ்சம் நிறுத்தினார். "பேரு... கேட்டதில்லடா."

நான் எதுவும் சொல்லவில்லை. 14 வருடம் ஒரு வீட்டுக்கு வழி கேட்காதவன் என்ன சொல்வது?

அந்த வாரமே நண்பன் ஊருக்குப் பஸ் ஏறினேன். வாய்க்கால் பாலத்தில் அவன் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் இலையைப் போட்டார்.

கல்பாலம் மேப்பில் பாலம் முடிகிற இடத்தில் இப்போது இன்னொரு சார்ட் பேப்பரை செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். அந்தப் பாதி முழுக்க அவன் கையெழுத்து. ஹாலில் முழுதாக விரிக்க இடம் பத்தவில்லை. சோபாவைத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.